நிலக்கலையும் தெருக்கலையும்: புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் கையில் எடுப்பது?

தேரிமணல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். சிறு வயதிலிருந்தே பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்து வருகிறேன். முறையான பயிற்சி எதுவும் பெற்றதில்லை. மண், கல், புல் என நிலத்தையே பொருளாகக் கொண்டு திறந்தவெளியில் செய்யும், லேண்ட் ஆர்ட் எனப்படும் நிலக்கலைப் படைப்புகளின் நிழற்படங்களையும், சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் வரையப்பட்டுள்ள பெரும் ஓவியங்களையும் பார்த்த பிறகு, தாளை விட்டு வெளியே வந்து வேலை செய்ய வேண்டும் என்ற விருப்பம் நாளுக்கு நாள் வலுத்து வருகிறது.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் தேரி எனப்படும், பனைமரங்கள் நிற்கும் செம்மணல் மேடு; மறுபக்கம் உப்பளங்கள். ஊருக்குள் அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவர் சாலையை ஒட்டி ஏறத்தாழ அறுபது அடி நீளத்துக்கு வெறுமையாக இருக்கிறது. அதில் ஏதாவது வரைந்து தர முடியுமா என்று தலைமையாசிரியையே கேட்டிருக்கிறார். தேரியில் தொடங்குவதா, சுவரில் தொடங்குவதா என்று எனக்குத் தெளிவாகவில்லை. இரண்டுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? கவின்கலைக் கல்லூரியில் படிக்காமல் இந்தத் துறைக்குள் வருவது சரியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பனங்காடு எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் தேரியில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. செலவில்லை என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஓரிடத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு நிலம் தரும் பயிற்சியைச் சுவர் தருவதில்லை என்பதே முக்கியமான காரணம்.

நிலக்கலை என்றவுடன் அமெரிக்கப் பாலைவனங்களின் பிரம்மாண்டமான வேலைகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. மைக்கேல் ஹைசர் 1969-70இல் நெவாடாவில் ஒரு மேட்டுநிலத்தின் விளிம்பை வெட்டி, சுமார் 2,40,000 டன் பாறையையும் மண்ணையும் அகற்றி, ‘டபுள் நெகட்டிவ்’ என்ற படைப்பை உருவாக்கினார். அதன் துணிவை மதிக்கிறேன்; ஆனால் தொடங்குபவருக்கு அது வழியாகாது, எனக்கு அது உவப்பானதும் இல்லை. அதற்கு முன்பே, 1967இல், லண்டனில் கலை மாணவராக இருந்த ரிச்சர்ட் லாங், வில்ட்ஷயர் பகுதியின் ஒரு புல்வெளியில் ஒரே நேர்கோட்டில் திரும்பத் திரும்ப நடந்து, புல் மடங்கி வெயிலில் தனித்துத் தெரியும்படி ஒரு கோட்டை உண்டாக்கி, அதை ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். கையில் கருவி இல்லை, எதையும் கொண்டுவந்து வைக்கவுமில்லை, சில நாட்களில் புல் நிமிர்ந்திருக்கும். ஆயினும் அந்தப் படம் இன்றும் இத்துறையின் அடிப்படையான படைப்புகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. தேரியில் உங்களுக்கு ஏற்ற வழி இதுதான்.

அடுத்து, உங்களிடம் இருக்கும் ஒரு பெரும் வாய்ப்பைச் சொல்கிறேன். நான்ஸி ஹோல்ட் என்ற கலைஞர் 1973 முதல் 1976 வரை உழைத்து, யூட்டா மாநிலப் பாலைவனத்தில் 18 அடி நீளமுள்ள நான்கு கான்கிரீட் குழாய்களை நிறுவினார். கோடையிலும் குளிர்காலத்திலும் சூரியன் தன் பாதையின் எல்லையைத் தொடும் நாட்களில், உதயமும் மறைவும் அக்குழாய்களின் வழியே நேராகத் தெரியும்படி அவற்றின் திசை அமைக்கப்பட்டுள்ளது. உங்கள் ஊரில் இதற்குக் குழாய் வேண்டியதில்லை. தனியாக நிற்கும் ஒரு பனை போதும். காலையிலிருந்து மாலை வரை, மணிக்கு ஒரு முறை, பனையின் நிழல் நுனி விழும் இடத்தில் ஒரு பனங்கொட்டையை வையுங்கள். மாலையில் அவை அனைத்தும் சேர்ந்து தரையில் ஒரு கோட்டை வரைந்திருக்கும். அடுத்த மாதம் அதே மரத்தடியில் செய்தால் கோடு இடம் மாறி விழும். தூத்துக்குடி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகலில் நிழல் மரத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அதற்குப் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும், ஆண்டின் மற்ற நாட்களில் வடக்குப் பக்கம் விழும். யூட்டாவில் இருப்பவருக்கு நண்பகல் நிழல் தெற்கே விழுவதைக் காண வாய்ப்பே இல்லை. ஓராண்டு முழுவதும் இந்த ஒரு வேலையைச் செய்து படம் எடுத்து வைத்தால், அது உங்கள் நிலத்தில் மட்டுமே பிறக்கக்கூடிய படைப்பாக இருக்கும்.

செம்மணலில் கோடு கிழிப்பதென்றால் வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். விரல் ஆழத்துக்குக் கிழித்த வரி காலை ஏழு மணிக்குக் கறுத்த கோடாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே வரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆனி, ஆடி மாதங்களின் காற்றில் எதுவும் நிற்காது. அந்த மாதங்களில் காற்று எவ்வாறு அழிக்கிறது என்பதையே படமெடுக்கலாம்.

தேரியின் சில பகுதிகள் காப்புக்காடாக உள்ளன. அங்கே வனத்துறையின் அனுமதியின்றி எதையும் செய்யக்கூடாது. வேரைப் பிடுங்குவதும், கற்களைப் புரட்டிக் கோபுரமாக அடுக்குவதும் வேண்டாம். கல்லின் அடியில் பூச்சிகளும் பல்லி வகைகளும் குடியிருக்கின்றன. படத்துக்காக அவற்றின் வீட்டைக் கலைப்பது நிலத்தை நேசிப்பவர் செய்யும் வேலை இல்லை.

---

சாரம் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் விளம்பரச் சுவர் எழுதித் தொழிலைக் கற்றவன் நான். இப்போது பள்ளிகளிலும் நூலகங்களிலும் சுவரோவியம் வரைகிறேன். பனங்காடு அவர்கள் சொன்னவை அருமையானவை. ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. ஊர் மக்கள் தாமாக வந்து கேட்ட ஒரு சுவர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தேரி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். சுவரைக் கேட்ட தலைமையாசிரியை மாறுதலாகிப் போய்விடலாம்.

முதலில் அனுமதி. தலைமையாசிரியையின் வாய்மொழி போதாது. அரசுப் பள்ளி என்பதால், எந்தச் சுவரில், எத்தனை அடிக்கு, என்ன பொருளில் வரையப்படுகிறது என்று எழுதி, உரிய அலுவலகத்தின் ஒப்புதலுடன் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். பொது இடங்களின் தோற்றத்தைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1959இலிருந்தே இருக்கிறது. கடிதம் கையில் இருந்தால் சாலையில் போகிற யார் கேட்டாலும் நின்று பதில் சொல்லலாம்.

அடுத்தது சுவரின் உடல்நிலை. புதிதாக வருபவர்கள் படத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்குச் சுவரைப் பற்றி யோசிப்பதில்லை. உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அது சுண்ணாம்பு அடித்த சுவர். அதன்மேல் நேராக வண்ணம் பூசினால், மழைக்குப் பின் வண்ணம் சுண்ணாம்போடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகே பிரைமர் எனப்படும் அடிப்பூச்சை அடிக்க வேண்டும். தேய்த்து முடித்ததும் ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிய்த்துப் பாருங்கள். நாடாவில் எதுவும் வரவில்லையென்றால் சுவர் தயார். புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரென்றால் குறைந்தது நான்கு வாரங்களாவது காத்திருக்க வேண்டும்.

கடலோரத்திலும் உப்பளத்துக்கு அருகிலும் இருக்கும் சுவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நிலத்திலுள்ள உப்புநீர் சுவரின் அடிப்பகுதியில் ஏறி, காயும்போது வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சைப் பொரித்துத் தள்ளும். இதை எந்தப் பெயிண்டாலும் முழுமையாகத் தடுக்க இயலாது. ஆகவே தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்துக்கு ஒரே அடர்வண்ணப் பட்டையாக விட்டுவிட்டு, ஓவியத்தை அதற்கு மேலே தொடங்குங்கள். ஆண்டுதோறும் அந்தப் பட்டையை மட்டும் யாராவது திரும்ப அடித்துக்கொள்ளலாம். முகமோ எழுத்தோ அந்த உயரத்துக்குள் இருந்தால் இரண்டாவது மழைக்காலத்தில் சிதைந்துவிடும்.

வண்ணத்துக்கு வெளிச்சுவருக்கான வெள்ளை எமல்ஷன் ஒரு வாளியும், அதில் கலந்துகொள்ள ஸ்டெயினர் எனப்படும் செறிந்த நிறக்குழம்புக் குப்பிகளும் வாங்கினால் செலவு குறையும். கலந்த வண்ணம் ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா மூடிவைத்து, மேலே கலவை அளவை எழுதி வையுங்கள். பிறகு திருத்தும்போது அதே நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது எளிதான காரியம் இல்லை. ஸ்பிரே டப்பாவின் மீது ஆசை வரும். அது விலையும் அதிகம், கடற்காற்றில் பாதி பறந்துவிடும், அதற்குரிய முகக்கவசம் இல்லாமல் தொடவும் கூடாது. தூரிகையிலும் ரோலரிலும் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிறிய படத்தைப் பெரிய சுவருக்கு மாற்ற, நாங்கள் நூல் அடித்துக் கட்டம் போட்டு வரைவோம். இப்போதைய பிள்ளைகள் வேறொரு முறையைக் கையாள்கிறார்கள்: சுவர் முழுக்கச் சுண்ணக்கட்டியால் எழுத்துகளையும் வளையங்களையும் தாறுமாறாகக் கிறுக்கி, அதைக் கைபேசியில் படமெடுத்து, அதன்மேல் தம் ஓவியத்தை மங்கலாகப் பதித்துப் பார்க்கிறார்கள். மூக்கு நுனி ‘ழ’ எழுத்தின் சுழியில் விழுகிறது, காது இரண்டாவது வளையத்துக்கு வலப்புறம் வருகிறது என்று அடையாளம் கண்டு வரைந்துவிடுகிறார்கள். நீளமான சுவரில் இது மிகவும் வசதியாக இருக்கிறது. நானும் இப்போது இதையே பின்பற்றுகிறேன்.

அறுபது அடியையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். வாயிலுக்கு அருகில் பத்தடியை முடியுங்கள். ஒரு மழைக்காலம் கழியட்டும்.

---

ஆர்மீனியன்தெரு எழுதியது:

மலேசியாவின் பினாங்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஜார்ஜ் டவுனில் 2012ஆம் ஆண்டு, லித்துவேனியாவில் பிறந்த எர்னெஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சுவரோவியங்கள் ஊரின் போக்கையே மாற்றிவிட்டன. ஆர்மீனியன் தெருவில் சுவரோடு சாய்த்து வைத்த ஓர் உண்மையான பழைய மிதிவண்டி. அதன்மேல் அமர்ந்திருப்பதாகச் சுவரில் வரையப்பட்ட இரு குழந்தைகள். கைப்பிடியைப் பற்றியிருக்கும் அக்காவின் முகத்தில் அத்தனை உற்சாகம். ஒரு பொருளையும் ஒரு பழஞ்சுவரின் கறையையும் ஓவியத்துக்குள் இழுத்துக்கொள்ளும் அந்த முறை, தொடங்குபவர் கூர்ந்து கற்க வேண்டிய ஒன்று. பள்ளிச் சுவரில் உள்ள விரிசலையும், குழாயையும், சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும் வேப்பங்கிளையையும் மறைக்க முயலாமல் படத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. ஓவியத்தின் முன் நின்று படமெடுக்க வரும் கூட்டம், அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் அன்றாடத்தில் நுழைந்துவிடுகிறது. நீங்கள் குறிப்பிட்ட கண்ணகி நகரையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சென்னையின் கரையோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் குடியமர்த்தப்பட்டவர்களும் வாழும் மறுகுடியமர்வுப் பகுதி அது. பொது இடங்களில் கலைப் பணிகளை நடத்தும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பு 2020இல் அங்கே சுவர்களை ஓவியமாக்கத் தொடங்கியபோது, ஊரைப் பற்றி வெளியில் நிலவிய கெட்ட பெயர் மாறும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம் இருந்தது. வேலையும் அடிப்படை வசதிகளும் போதாத இடத்துக்கு வண்ணம் எதற்கு என்ற கேள்வி மறுபக்கம் எழுந்தது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஓவியரால் குடிநீர் கொண்டுவர இயலாது. ஆனால் அங்கே வாழ்பவர் தம் சுவரில் எதைப் பார்க்க விரும்புகிறார் என்று கேட்க இயலும்.

கேட்டுச் செய்ததற்கு ஒரு நல்ல சான்று சொல்கிறேன். பிரெஞ்சுக் கலைஞர் ஜே.ஆர். 2009இல் கென்யாவின் கிபேரா குடிசைப் பகுதியில், அங்கு வாழும் பெண்களின் முகங்களையும் கண்களையும் பெரிதாக அச்சிட்டு, சுமார் 2,000 சதுர மீட்டர் கூரைகளின்மேல் விரித்தார். அச்சிட்ட பரப்பு நீர்புகாத பொருளால் ஆனது. ஆகவே மழைக்காலத்தில் அது கூரையாகவும் பயன்பட்டது. பள்ளிச் சுவரை ஒட்டித் தினமும் யார் நிற்கிறார்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்களா, உப்பளத்திலிருந்து திரும்பும் பெண்களா என்று சில நாட்கள் பார்த்துவிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

---

தேரிமணல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாச்சி சொன்னபடி இன்று மாலை சுவரைத் தேய்த்துப் பார்த்தேன்; கை முழுவதும் வெள்ளையாகிவிட்டது, சுண்ணாம்புதான். அடிப்பகுதியில் உப்பும் பூத்திருக்கிறது. மேலும் மூன்று ஐயங்கள் உள்ளன. உப்பளத்தில் ஏதாவது செய்ய முடியுமா? நான் வரைந்த பிறகு யாராவது வெள்ளையடித்துவிட்டால் எனக்கு ஏதேனும் உரிமை உண்டா? பள்ளிப் பிள்ளைகள் தாங்களும் வரைய வேண்டும் என்கிறார்கள். அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

---

பனங்காடு எழுதியது:

உப்பளத்தைக் கேட்டதும் எனக்கு ‘ஸ்பைரல் ஜெட்டி’ நினைவுக்கு வந்தது. ராபர்ட் ஸ்மித்ஸன் 1970இல் யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்குள், கரும்பாறைகளையும் மண்ணையும் கொட்டி, 1,500 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட சுருள்வழி ஒன்றை அமைத்தார். அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்கு அங்கே நீர் செந்நிறமாக இருந்ததும் ஒரு காரணம். உப்பை விரும்பி வளரும் நுண்ணுயிர்கள் தரும் அதே செந்நிறத்தை, உப்புச்செறிவு கூடும்போது உங்கள் ஊர்ப் பாத்திகளிலும் பார்த்திருப்பீர்கள். ஏரி பெருகி அந்தச் சுருள் சுமார் முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் நீருக்குள் கிடந்தது; 2002ஐ ஒட்டி வறட்சியில் வெளிப்பட்டபோது கரும்பாறைகளின்மேல் வெண்ணிற உப்பு படிந்திருந்தது. அந்தப் படிவு தானாக நிகழ்ந்தது. உங்களாலும் அதைச் சிறிய அளவில் நிகழ்த்த முடியும். காய்ந்த பனையோலையையோ, முறுக்கிய கயிற்றையோ, வேலிக்கருவை முள்கொத்தையோ வடிவமாகக் கட்டி, செறிந்த உப்புநீரில் தொங்கவிட்டு, உப்பு ஏறுவதை நாள்தோறும் படமெடுங்கள்.

ஆனால் உப்பளம் பிறருடைய பிழைப்பு. பாத்தியின் தரை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தப்பட்டது. அதில் நீங்கள் இறங்கினால் சேறு கிளம்பி உப்பு கறுக்கும். உரிமையாளரிடமும் அங்கு வேலை செய்பவர்களிடமும் கேட்டு, வரப்போரமாக ஒரு மூலையையோ அல்லது ஒரு தொட்டி நீரையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

---

பிரிவு57 எழுதியது:

உரிமை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 57ஆம் பிரிவு, படைப்பாளியின் பெயருக்கும் படைப்பின் முழுமைக்கும் பாதுகாப்புத் தருகிறது. படைப்பை விற்ற பிறகும் இந்த உரிமை நீடிக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காக உருவாக்கிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அகற்றப்பட்டுச் சிதைந்தது. அவர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. நியூயார்க்கில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற கட்டடத்தின் ஓவியங்களை உரிமையாளர் 2013இல் இரவோடு இரவாக வெள்ளையடித்து மறைத்தபோது, 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க 2018இல் தீர்ப்பாயிற்று.

இருந்தாலும், பள்ளிச் சுவருக்காக நீதிமன்றம் செல்லும் நிலை வரவேண்டியதில்லை. அனுமதிக் கடிதத்திலேயே இரண்டு வரிகளைச் சேர்த்துக் கேளுங்கள்: ஓவியத்தின் ஓரத்தில் உங்கள் பெயர் இருக்கும், சுவரை மாற்றவோ இடிக்கவோ நேர்ந்தால் முன்கூட்டியே தெரிவிப்பார்கள். முடித்த அன்றே முழுச் சுவரையும் நேர்முகமாக நின்று, பகல் வெளிச்சத்தில், பகுதி பகுதியாகப் படமெடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

---

சாரம் எழுதியது:

கல்லூரி பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. சேர முடிந்தால் சேருங்கள், உடலமைப்பும் வண்ணமும் அங்கே ஒழுங்காகக் கற்றுத் தருவார்கள். சேரும் வரை சுவரைக் காக்க வைக்க வேண்டாம்.

பிள்ளைகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். தாங்கள் வண்ணம் அடித்த சுவரில் அவர்கள் யாரையும் சுவரொட்டி ஒட்ட விடமாட்டார்கள். இதை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். ஒரு நேரத்தில் நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஏணியிலோ சாரத்திலோ எந்தப் பிள்ளையும் ஏறக்கூடாது. அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் பெரிய பெரிய வடிவங்களை நீங்கள் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எந்த வண்ணம் என்று எழுதிவிடுங்கள். தண்ணீரில் கழுவும் எமல்ஷன் மட்டும் கொடுங்கள். அகலத் தூரிகையும், ஆளுக்கொரு சிறிய டப்பாவில் கால் பங்கு வண்ணமும் போதும். சுவர் கிழக்கு பார்த்ததென்றால் மாலையிலும், மேற்கு பார்த்ததென்றால் காலையிலும் வேலை வையுங்கள். வெயில் நேராக விழும் சுவரில் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்து திட்டுத் திட்டாகும். அவர்கள் கோட்டைத் தாண்டி அடித்தால் தடுக்காதீர்கள். எல்லாம் காய்ந்த பிறகு வெளிக்கோட்டை நீங்கள் இழுக்கும்போது அது சரியாகிவிடும்.